ஆடிப்பாவை

கண்ணாடியில் தெரியும் உருவம் கண்ணாடியின் மேல் இல்லை. ஒரு பொருள் கண்ணாடிக்கு முன்னால் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதன் உருவம் கண்ணாடிக்குப் பின்னால் அவ்வளவு தள்ளி இருக்கிறது. சுவர்க் கண்ணாடியின் முன் ஒரு முழம் விலகி நிற்பவரின் உருவம் சுவருக்குள் ஒரு முழம் தாண்டி நிற்கும். சுவரை இடித்துப் பார்த்தால் செங்கல்தான் கிடைக்கும். ஆனாலும் கண்ணுக்கு வரும் கதிர்கள் அந்த இடத்திலிருந்து புறப்பட்டவை போலவே விரிந்து வருகின்றன. கண்ணும் மூளையும் அந்த இடத்திலேயே உருவத்தை வைத்துப் பார்க்கின்றன. ஒளி போய்ச் சேராத இடத்தில் இப்படித் தோன்றுவதைப் பள்ளிப் பாடநூல்கள் மாயபிம்பம் என்கின்றன.

தமிழில் இதற்கு இன்னும் பழைய பெயர் உண்டு. குறுந்தொகையின் எட்டாம் பாடலில் ஆலங்குடி வங்கனார் ஆளும் சொல் ஆடிப்பாவை. ஆடி என்பது கண்ணாடி, பாவை என்பது பொம்மை. என் வீட்டுக்கு வந்து பெரும்பேச்சுப் பேசும் ஆண்மகன், மனைவியின் முன்னே அவள் ஆட்டியபடி ஆடும் ஆடிப்பாவை ஆகிவிடுகிறான் என்று பரத்தை ஒருத்தி ஏளனம் செய்கிறாள். ஆள் கை தூக்கினால் கை தூக்கும், கால் தூக்கினால் கால் தூக்கும், தனக்கென்று ஓர் அசைவு இல்லாத பொம்மை என்பது இயற்பியல் நோக்கிலும் குறை சொல்ல முடியாத வரையறை. நிழல் என்ற சொல்லும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. இன்று அது வெயிலில் விழும் கருநிழலை மட்டும் குறிப்பதாக நினைக்கிறோம். பழந்தமிழில் நீரிலும் கண்ணாடியிலும் தெரியும் உருவமும் நிழல்தான். ஒளிப்படத்துக்கு நிழற்படம் என்ற பெயர் பொருந்தி வந்ததும் இதனால்தான்.

கண்ணாடி வலதை இடதாக்குகிறது என்பது எல்லோரும் சொல்வது. அது சரியல்ல. கிழக்குப் பார்த்த கண்ணாடியின் முன் நிற்பவர் வடக்கே இருக்கும் கையைத் தூக்கினால், உருவமும் வடக்கே இருக்கும் கையைத்தான் தூக்குகிறது. தலை மேலே இருக்கிறது, கால் கீழே இருக்கிறது. மாறியிருப்பது ஒன்றே ஒன்று: ஆள் மேற்கே பார்க்கிறார், உருவம் கிழக்கே பார்க்கிறது. கண்ணாடி முன்பின்னை மட்டும் புரட்டுகிறது. எதிரே நிற்கும் உருவத்தை, அரைவட்டம் திரும்பி வந்து நிற்கும் இன்னொரு மனிதராக நாம் கற்பனை செய்துகொள்வதால்தான் வலது இடதாகிவிட்டதாகத் தோன்றுகிறது. எழுத்து புரண்டு தெரிவதற்கும் கண்ணாடி பொறுப்பில்லை. தாளைக் கண்ணாடிக்குக் காட்ட அதைத் திருப்பியவர் நாம்தான். மெல்லிய எண்ணெய்த்தாளில் எழுதி, எழுத்து நம்மைப் பார்த்தபடியே கண்ணாடியின் முன் பிடித்தால், தாளை ஊடுருவித் தெரியும் எழுத்தும் கண்ணாடியில் தெரியும் எழுத்தும் ஒரே மாதிரி நேராகவே இருக்கும்.

குமரி மாவட்டத்தின் தென்மேற்குக் கரையில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் இராஜாக்கமங்கலம் வட்டாரத்தில் கண்ணாடி என்றதும் நினைவுக்கு வருவது வீட்டுச் சுவர் மட்டுமல்ல, வழிபாட்டிடமும்தான். கிழக்கே, நாகர்கோவிலுக்குத் தென்கிழக்கில் இருக்கும் சாமிதோப்பு, அய்யாவழி என்னும் வழிபாட்டு மரபின் தலைமைப் பதி. அதன் பள்ளியறையில் சிலை கிடையாது. கண்ணாடியும் அதன் முன்னே விளக்குகளும் உண்டு. வணங்க வருபவர் பார்ப்பது தம் உருவத்தையே. ஊர் ஊராக அமைந்த நிழல் தாங்கல்கள் எனப்படும் சிறு வழிபாட்டிடங்களிலும் இதே ஏற்பாடுதான். இறைவன் வெளியே ஒரு கல்லில் இல்லை, பார்ப்பவருக்குள் இருக்கிறான் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். தாங்கல் என்ற சொல்லோடு நிழல் என்ற சொல் சேர்ந்திருப்பதைப் பழைய பொருளோடு படித்தால் இன்னொரு சுவையும் கிடைக்கும்.

அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர் 1809-இல் பிறந்து 1851-இல் மறைந்தவர். திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்ட சாதியினர் தலைப்பாகை கட்டத் தடை இருந்த காலம் அது. அய்யாவழி ஆண்கள் தலைப்பாகையோடு வழிபட்டார்கள், இன்றும் அப்படித்தான். கண்ணாடியின் முன் நின்றவர் பார்த்தது வெறும் முகத்தை அல்ல, தலைப்பாகை கட்டிய தம் தலையை. இங்கே கண்ணாடி தத்துவத்துக்கு மட்டும் வந்த பொருளாக இருக்க முடியாது.

இந்தக் காட்சியின் கணக்கு எளிது. விளக்கு கண்ணாடிக்கு அரை மீட்டர் முன்னால், வணங்குபவர் இரண்டு மீட்டர் முன்னால் என்று கொண்டால், கண்ணாடிக்குள் விளக்கின் உருவம் அரை மீட்டர் ஆழத்திலும் ஆளின் உருவம் இரண்டு மீட்டர் ஆழத்திலும் நிற்கும். ஆகவே பார்ப்பவரின் கண்ணுக்கும் அவர் உருவத்துக்கும் இடையே உள்ள நான்கு மீட்டரில் இரண்டு சுடர்கள் வரும், ஒன்று மெய், ஒன்று பிம்பம். கண்ணாடி சிறிதாக இருந்தால் முழு உருவம் தெரியாது. தன்னைத் தலை முதல் கால் வரை பார்க்க, தன் உயரத்தில் பாதி உயரமுள்ள கண்ணாடி வேண்டும், 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு 80 செ.மீ. போதும், மாட்டும் உயரம் சரியாக இருக்க வேண்டும். பின்னால் தள்ளி நின்றால் இன்னும் கொஞ்சம் தெரியும் என்று நினைப்பவர்கள் பலர். தள்ளி நின்றாலும் கிட்டே வந்தாலும் தெரிவது அதே அளவுதான்.

சிலைக்குப் பதில் கண்ணாடி என்பது வேறு இடங்களிலும் நடந்தது. வடலூரில் வள்ளலாரின் சத்திய ஞான சபை 1872 தைப்பூசத்தன்று திறக்கப்பட்டது. ஏழு திரைகள் விலகிய பின் கண்ணாடியும் ஜோதியுமாகக் காட்சி கிடைக்கும். சேர்த்தலை அருகே களவங்கோட்டில் நாராயண குரு 1927-இல் கண்ணாடியைப் பிரதிட்டை செய்தார். ஜப்பானின் ஷிண்டோ ஆலயங்களில் வட்டமான உலோகக் கண்ணாடி மிகப் பழைய காலந்தொட்டு வழிபாட்டுப் பொருள்.

அந்தக் காலத்துக் கண்ணாடி எதனால் ஆனது என்பது தனிக் கதை. கண்ணாடி என்ற சொல் இன்று கிளாஸுக்கும் சேர்த்து வழங்கினாலும், ஆடி முதலில் உலோகம்தான். திருப்பாவையின் இருபதாம் பாசுரத்தில் வரும் தட்டொளி என்பதும் தேய்த்துப் பளபளப்பாக்கிய உலோகத் தட்டு. அந்தக் கைத்தொழில் இன்றும் மிஞ்சியிருப்பது கேரளத்தின் ஆறன்முளாவில். அங்குள்ள குடும்பங்களின் முன்னோர் தமிழ்நாட்டின் சங்கரன்கோவில் பக்கமிருந்து கோயில் வேலைக்குப் போனவர்கள் என்பது வழிவழிச் செய்தி. ஆறன்முளாக் கண்ணாடி செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலம். வழக்கமான வெண்கலத்தில் வெள்ளீயம் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். இதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அந்த விகிதத்தில் செம்பும் வெள்ளீயமும் ஒரு தனிச் சேர்மமாக உறைகின்றன. அது வெள்ளி போல் வெளுத்தது, மிகக் கடினமானது, கை தவறினால் கிளாஸைப் போலவே உடைவது. கடினமாக இருப்பதால்தான் நாள்கணக்கில் தேய்த்தாலும் மேடு பள்ளம் விழாமல் தட்டையான மெருகு ஏறுகிறது. விகிதம் கொஞ்சம் பிசகினால் ஒன்று மென்மையாகிவிடும், அல்லது வார்ப்பிலேயே வெடித்துவிடும். அந்தக் குடும்பங்கள் விகிதத்தை இரகசியமாகக் காப்பதில் நியாயம் இருக்கிறது.

கிளாஸ் கண்ணாடி வெளிநாட்டிலிருந்து வந்தது. வெனிஸ் நகரத்தின் முரானோத் தீவில் கிளாஸின் பின்புறம் வெள்ளீயத் தகடு பரப்பி, அதன்மேல் பாதரசம் ஊற்றி ஒட்டவைத்தார்கள். வைகுண்டர் காலத்துக் கிளாஸ் கண்ணாடிகள் எல்லாம் இந்த வகைதான். அவற்றின் உருவத்தில் இலேசான சாம்பல் நிறம் இருக்கும். ஜெர்மானிய வேதியியலர் லீபிக் 1835-இல் வெள்ளி உப்புக் கரைசலிலிருந்து தூய வெள்ளியைக் கிளாஸின்மேல் படிய வைக்கும் வினையைக் கண்டார். 1850களில் அது தொழிலானது. பாதரசப் புகையில் நடுங்கிச் செத்த தொழிலாளர் கூட்டம் அதன் பிறகே மெல்லக் குறைந்தது. வெள்ளி தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்கு 95 பங்கைத் திருப்பி அனுப்புகிறது, அலுமினியம் 90-ஐ ஒட்டி, மெருகேற்றிய வெண்கலம் 65 முதல் 70 வரை. உலோகக் கண்ணாடியில் முகம் எப்போதும் அந்திநேரத்து முகம் போலத் தெரிவதற்கு இதுவே காரணம்.

வெளிச்சத்தில் தோற்றாலும் வெண்கலம் ஒன்றில் வெல்கிறது. அதன் மேற்பரப்பே ஒளியைத் திருப்புகிறது. வீட்டுக் கண்ணாடியில் வெள்ளிப் பூச்சு கிளாஸுக்குப் பின்னால் இருக்கிறது. இந்த வேறுபாட்டை நவராத்திரிக் கொலுவிலோ கிறிஸ்துமஸ் குடிலிலோ உட்கார்ந்து பார்த்துவிடலாம். கொலுப்படிகளின் அடியில் மண் பரப்பி, கடுகோ கேழ்வரகோ முளைக்க வைத்து, நடுவில் ஒரு கண்ணாடியைப் படுக்கப் போட்டால் தெப்பக்குளம் ஆயிற்று. குமரிக் கடலோரத்துக் கிறிஸ்தவ வீடுகளின் குடிலிலும் வைக்கோலுக்கும் ஆட்டுக்குட்டிகளுக்கும் நடுவே அதே கண்ணாடிதான் குளம். அதன்மேல் வாத்துப் பொம்மைகள் மிதக்கும். மேலிருந்து கூர்ந்து பார்த்தால் வாத்தின் அடிவயிறும் அதன் பிம்பத்தின் அடிவயிறும் ஒட்டாமல் நடுவே ஒரு சிறு இடைவெளி தெரியும். கிளாஸ் 4 மில்லிமீட்டர் தடிமன் என்றால் இடைவெளி 5 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். தடிமனை இரண்டால் பெருக்கிக் கிளாஸின் ஒளிவிலகல் எண்ணான 1.5-ஆல் வகுத்தால் வருவது அது. உண்மையான குளத்தில் வாத்துக்கும் பிம்பத்துக்கும் இடைவெளி கிடையாது. ஆறன்முளாக் கண்ணாடியின்மேல் ஊசியை வைத்தாலும் ஊசிமுனையும் பிம்பத்தின் முனையும் தொட்டுக்கொண்டு நிற்கும்.

துணிக்கடையின் உடைமாற்றும் அறையில் விரலைக் கண்ணாடியில் வைத்துப் பார்க்கும்படி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இடைவெளி இல்லையென்றால் அது மறுபக்கத்திலிருந்து பார்க்கக்கூடிய கண்ணாடி என்பது அதன் வாதம். விரல் சொல்வது பூச்சு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதை மட்டும். மறுபக்கத்திலிருந்து பார்க்கும் கண்ணாடியைப் பூச்சு பின்னால் இருக்கும்படியும் மாட்டலாம். அங்கே வேலை செய்வது வெளிச்ச வேறுபாடு: இந்தப் பக்கம் வெளிச்சம், அந்தப் பக்கம் இருட்டு. கைகளால் முகத்தின் இருபுறமும் வெளிச்சத்தை மறைத்துக் கண்ணாடியோடு ஒட்டிப் பார்ப்பதுதான் ஓரளவு பயன் தரும்.

பொம்மை சேர்ப்பவர்கள் கண்ணாடியைப் பொம்மைக்குப் பின்னால் நிறுத்துவதற்குக் காரணம் அழகு மட்டுமல்ல. விளாச்சேரி மண்பொம்மையோ பண்ருட்டிப் பொம்மையோ, ஆண்டாளின் சாய்ந்த கொண்டையும் அதில் சுற்றிய பூவும் பின்பக்கத்து வேலை. படியில் வைத்தால் யார் கண்ணிலும் படாது. இரண்டு கண்ணாடிகளைச் செங்கோணத்தில் நிறுத்தி நடுவே ஒரு மரப்பாச்சியை வைத்தால் மூன்று பிம்பங்கள், கோணத்தை 60 பாகைக்குக் குறைத்தால் ஐந்து. 360-ஐக் கோணத்தால் வகுத்து ஒன்றைக் கழிப்பதுதான் கணக்கு. செங்கோணக் கண்ணாடிகளின் நடுமூலையில் தெரியும் பிம்பத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. இருமுறை திரும்பி வந்ததால் அது உலகம் நம்மைப் பார்க்கும் விதமாகவே காட்டும். வகிடு சரியான பக்கம் இருக்கும். இரண்டு கண்ணாடிகள் எதிரெதிரே நேராக நின்றால் பிம்பத்துக்கு எண்ணிக்கை இல்லை. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் பத்தில் ஒரு பங்கு ஒளி போய்விடுவதாகக் கொண்டால், பத்தாவது பிம்பத்தில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சமே மிஞ்சும். கிளாஸில் கலந்துள்ள சிறு இரும்பு சிவப்பையும் நீலத்தையும் பச்சையைவிடக் கூடுதலாக விழுங்குவதால், ஆழத்தில் இருப்பவை பாசி நிறம் பிடித்திருக்கும். ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாள் எழுந்தருளும் கண்ணாடி அறை போன்றவற்றிலும் இதே விதிதான். அங்கே விளக்கொளி மஞ்சளாக இருப்பதால் பச்சை எளிதில் தெரிவதில்லை.

பாவைக்கும் கண்ணாடிக்கும் உள்ள உறவு மனிதக் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. பாவை என்றால் பொம்மை, பெண், கண்ணின் கருமணி மூன்றும் பொருள். இலத்தீனிலும் கருமணியின் பெயர் சிறு பெண்பொம்மை என்ற பொருளுடையது. கிரேக்கத்தில் பெண்பிள்ளையைக் குறிக்கும் சொல்லே கருமணிக்கும் பெயர். இத்தனை மொழிகள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் ஒளியியல். கண்ணின் முன்புறத்து விழிவெண்படலம் ஒரு குவியாடி. அதன் வளைவு ஆரம் ஏறத்தாழ 7.8 மில்லிமீட்டர், குவியத்தூரம் அதில் பாதி. முப்பது செ.மீ. தொலைவிலிருந்து ஒருவர் கண்ணைப் பார்த்தால், 20 செ.மீ. நீளமுள்ள பார்ப்பவரின் முகம் அதில் இரண்டரை மில்லிமீட்டராகச் சுருங்கி, படலத்துக்கு நாலு மில்லிமீட்டர் பின்னால், ஏறக்குறையக் கருமணி இருக்கும் ஆழத்திலேயே விழுகிறது. கருப்புப் பின்னணியில் வெளிச்சமான சிறு பொம்மை. காதலியைக் கண்ணின் பாவை என்று புலவர்கள் அழைத்ததற்குப் பின்னால் இப்படி ஓர் அளவுகோல் இருக்கிறது. கண் மருத்துவர்கள் அதே பொம்மையின் அளவைக் கருவியால் அளந்து படலத்தின் வளைவைக் கணக்கிடுகிறார்கள். கண்புரை அறுவையில் எந்த எண் லென்ஸ் வைப்பது என்று தீர்மானிக்க அந்த வளைவு வேண்டும்.

பொம்மைக்குக் கண் எழுதுபவர் கருமணியின் மேலோரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வைப்பதும் இந்தப் பிரதிபலிப்பைக் காட்டத்தான். உயிருள்ள கண்ணில் எங்கோ ஒரு சன்னலோ விளக்கோ மின்னிக்கொண்டே இருக்கும். புள்ளி இல்லாத கண் பிணத்தின் கண் போலிருக்கும். கிளாஸ் விழி பதித்த பொம்மைகளுக்குப் புள்ளி தேவையில்லை, வெளிச்சமே அதை வைத்துக்கொள்ளும். படம் பிடிப்பவர் விளக்கை இடம் மாற்றினால் பொம்மையின் பார்வையே மாறியதாகத் தோன்றுவது அதனால்தான். இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்தில் ஒரே புள்ளி விழுந்தால் பார்வை கூடும். ஆளுக்கொரு பக்கம் விழுந்தால் ஒன்றரைக் கண்.

இலங்கையின் பௌத்த விகாரைகளில் புத்தர் சிலைக்குக் கண் எழுதும் சடங்கு நேத்திர மங்கல்யம். கைவினைஞர் சிலையை நேராகப் பார்க்கக் கூடாது. சிலைக்கு முதுகு காட்டி நின்று, எதிரே பிடித்த கண்ணாடியைப் பார்த்தபடி தோளுக்கு மேலாகத் தூரிகையைக் கொண்டுபோய்க் கண்ணை எழுதுகிறார். திறந்த கண்ணின் முதல் பார்வையை மனிதன் தாங்க மாட்டான் என்பது நம்பிக்கை. ஆனந்த குமாரசுவாமி 1908-இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் இந்தச் சடங்கு விரிவாகப் பதிவாகியிருக்கிறது. நம்பிக்கை ஒருபுறம் இருக்க, வேலை மிகக் கடினமானது. கண்ணாடியில் பார்த்து வரையும்போது கை முன்னே போனால் கண் பின்னே போனதாகச் சொல்கிறது. கண்ணாடியில் மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து பார்ப்பவர்களுக்கு முதல் மூலையிலேயே கை திகைத்து நின்றுவிடும். ஆனால் இது பழகும். புதிய நினைவுகளை உருவாக்கும் ஆற்றலை மூளை அறுவையில் இழந்த ஒருவரிடம் பிரெண்டா மில்னர் இதே பயிற்சியைக் கொடுத்தார். முந்தைய நாள் வரைந்ததே அவருக்கு நினைவில் இல்லை, ஆனால் மூன்றாம் நாள் கை தவறில்லாமல் வரைந்தது. கைப்பழக்கம் மூளையில் வேறோர் இடத்தில் சேமிக்கப்படுகிறது என்பதற்கு உளவியல் நூல்கள் காட்டும் முதல் சான்று இது.

ஒளிப்படமும் கண்ணாடியும் பிறப்பிலேயே உறவினர். டகேர் 1839-இல் பாரிசில் அறிவித்த முறையில் படம் பதிந்தது வெள்ளி முலாம் பூசி மெருகேற்றிய செப்புத் தகட்டில். அந்தப் படத்தைப் பார்ப்பவர் தகட்டைச் சற்றுச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். நேராகப் பிடித்தால் படத்துக்குப் பதில் தம் முகம்தான் தெரியும். படத்தில் இருப்பவரும் கண்ணாடியில் இருப்பது போல வகிடு மாறி இருப்பார். தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் நெடுங்காலம் வழங்கிய இரட்டை லென்ஸ் கேமராக்களில், 1929-இல் வந்த ரோலிஃபிளெக்ஸும் பிறகு வந்த யாஷிகாவும் அந்த வகை, மேல் லென்ஸின் பின்னால் 45 பாகையில் ஒரு கண்ணாடி இருக்கும். குனிந்து பார்த்தால் உருவம் நிமிர்ந்து தெரியும், ஆனால் இடவலம் மாறியிருக்கும். மாப்பிள்ளை வலப்பக்கம் நகர வேண்டுமென்றால் ஸ்டுடியோக்காரர் தன் கண் சொல்வதற்கு எதிராகக் கையைக் காட்டுவார். ஒற்றை லென்ஸ் எஸ்எல்ஆர் கேமராவின் உச்சியில் உள்ள ஐங்கோணப் பட்டகம் அந்தச் சங்கடத்தைத் தீர்த்தது. கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடிக்குப் பூச்சு எப்போதும் முன்பக்கம்தான். பின்பூச்சாக இருந்தால் வாத்துக்கும் பிம்பத்துக்கும் நடுவே வந்த இடைவெளி இங்கே இரட்டை உருவமாக வந்து தொல்லை கொடுக்கும்.

அந்த ஸ்டுடியோக்கள் எடுத்த படங்களிலேயே கண்ணாடியை மிகத் திறமையாகக் கையாண்டது சடைப் படம். வாழைமட்டையில் மல்லிகை மொட்டுகளை வைத்துத் தைத்து, சடை முழுக்க மூடி, நுனியில் குஞ்சலம் கட்டிய பெண்ணைக் கண்ணாடிக்கு முதுகு காட்டி உட்காரவைப்பார்கள். முகமும் சடையும் ஒரே படத்தில் வந்துவிடும். தோவாளைப் பூச்சந்தை இருக்கும் நாஞ்சில் நாட்டில் பூவுக்குப் பஞ்சமில்லை, சிக்கல் படத்தில்தான். பெண் கேமராவிலிருந்து இரண்டரை மீட்டர், அவளுக்குப் பின்னால் கண்ணாடி 60 செ.மீ. என்றால், சடையின் பிம்பம் கேமராவிலிருந்து 3.7 மீட்டரில் இருக்கிறது. முகத்துக்குக் கூர்மை வைத்தால் சடை மங்கும், சடைக்கு வைத்தால் முகம் மங்கும். கண்ணாடியின் சட்டத்துக்குக் கூர்மை வைப்பவர்கள் புதியவர்கள். பிம்பம் சட்டத்தில் இல்லை. கைதேர்ந்தவர்கள் இரண்டுக்கும் நடுவே, சுமார் மூன்று மீட்டரில் கூர்மையை நிறுத்தி, லென்ஸின் துளையை எட்டுக்கோ பதினொன்றுக்கோ சுருக்குவார்கள். எண்பது மில்லிமீட்டர் லென்ஸில் துளை எட்டு என்றால் இரண்டரை மீட்டரிலிருந்து மூன்றே முக்கால் வரை தெளிவாக வரும். கணக்கு மயிரிழையில் பொருந்துகிறது. தொலைவு கூடுவதால் பிம்பத்தின் தலை, எதிரே இருக்கும் தலையில் மூன்றில் இரண்டு பங்கு அளவே தெரியும். மீதி வேலை கோணம். கண்ணாடியைச் சற்றுத் திருப்பாவிட்டால் பெண்ணின் சடைக்குப் பக்கத்தில் கேமராவும் கேமராக்காரரும் அமர்ந்திருப்பார்கள், பிளாஷ் அடித்தால் வெள்ளை வெடிப்பும் சேர்ந்துகொள்ளும்.

ஒருவர் தம் படத்தைப் பார்த்து இது நானில்லை என்று முகம் சுளிப்பதற்கும் கண்ணாடியே காரணம். மீட்டா, டெர்மர், நைட் ஆகிய மூவர் 1977-இல் ஒரே முகத்தின் நேர்ப்படத்தையும் புரட்டிய படத்தையும் காட்டிக் கேட்டபோது, படத்துக்கு உரியவர்கள் புரட்டியதை விரும்பினார்கள், அவர்களுடைய நெருங்கியவர்கள் நேரானதை விரும்பினார்கள். இருவரும் தாம் தினமும் பார்த்துப் பழகியதையே தேர்ந்திருக்கிறார்கள். செல்பேசியின் முன்கேமரா படம் எடுக்கும்வரை புரட்டிக் காட்டுவதும், சில பேசிகள் எடுத்த பின் நேராக்கி வைப்பதும் இந்தப் பழக்கத்தோடு நடக்கும் பேரம்.

கிளாஸ் பெட்டிக்குள் வைத்த பொம்மையைப் படம் பிடிக்கும்போது தொல்லை வேறு. பூச்சில்லாத கிளாஸும் ஒவ்வொரு பரப்பிலும் நூற்றுக்கு நாலு பங்கு ஒளியைத் திருப்புகிறது. மணிமேகலைக் காப்பியத்தில் உதயகுமரனிடமிருந்து தப்ப மணிமேகலை நுழையும் பளிக்கறையும் இந்த நாலு பங்கின் இடம்தான்: வெளியே வெளிச்சம் மிகுந்தால் உள்ளே இருப்பவள் மறைவாள், உள்ளே மிகுந்தால் தெரிவாள். லென்ஸைக் கிளாஸோடு ஒட்டி வைப்பது, பின்னால் கருப்புத் துணி பிடிப்பது இரண்டும் எளிய வழிகள். பரப்பின் செங்குத்திலிருந்து ஏறத்தாழ 56 பாகை சாய்வில் நின்று போலராய்டு வடிகட்டியைத் திருப்பினால் பிரதிபலிப்பு அறவே மறையும். உலோகப் பூச்சுள்ள கண்ணாடியில் இந்த வித்தை பலிக்காது.

நீர் இன்னும் கஞ்சத்தனமானது. நேர்மேலிருந்து பார்த்தால் நூற்றுக்கு இரண்டு பங்குதான் திரும்பும். பார்வை சாயச் சாய அது கூடும்: செங்குத்திலிருந்து 60 பாகையில் ஆறு பங்கு, 80 பாகையில் முப்பத்தைந்து. இராஜாக்கமங்கலத்துக் குளக்கரையில் நிற்பவருக்குக் காலடியில் தரையும் மீன்குஞ்சும் தெரிய, அக்கரையின் தென்னைகள் மட்டும் தலைகீழாக நிற்பதன் காரணம் அது. அந்தத் தலைகீழ்த் தென்னை மேலே நிற்பதன் அச்சு நகலும் அல்ல. கண் நீர்ப்பரப்புக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதே அளவு கீழிருந்து பார்த்த காட்சி அது. ஓலையின் அடிப்புறமும் குலையின் அடியும் கூடுதலாகத் தெரியும். ஒரு படத்தைப் பாதியில் மடித்துத் தலைகீழாக ஒட்டி நீர்நிழல் என்று காட்டுபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடமும் இதுவே.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் மாலை சூடி அழகு பார்த்ததாகச் சொல்லப்படும் கண்ணாடிக் கிணறு இருக்கிறது. நேர்கீழே பார்த்தால் இரண்டே பங்கு ஒளி என்றால் முகம் எப்படித் தெரியும்? கிணற்றின் அடி இருட்டு. கீழிருந்து போட்டிக்கு வரும் ஒளி இல்லாததால் அந்த இரண்டு பங்கே போதும். பார்ப்பவரின் முகத்தில் வெயில் விழ வேண்டும், நீர் அசையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தெளிந்த ஆழமில்லாத ஓடையில் அவள் முகம் பார்த்திருக்க முடியாது.

கண்ணாடியைச் சுற்றிய நம்பிக்கைகளில் நேரம் முக்கியமானது. சித்திரை முதல்நாள் விடியலில், கொன்றைப்பூவும் கனிகளும் பொன்னும் வைத்த தட்டின் நடுவே கண்ணாடியை நிறுத்தி, கண் திறந்ததும் அதைப் பார்ப்பது குமரி மாவட்டத்து வீடுகளின் கனி காணல். அதே வீடுகளில் இரவில் கண்ணாடி பார்க்காதே என்று பிள்ளைகளை அதட்டுவார்கள். அதட்டலுக்குப் பின்னால் ஒரு மெய்யான அனுபவம் இருக்கக்கூடும். இத்தாலியின் அர்பினோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜியோவானி கபூட்டோ 2010-இல் வெளியிட்ட சோதனையில், 50 பேரைத் தனித்தனியாக இருட்டறையில் உட்காரவைத்து, முதுகுப் பக்கம் மங்கலான ஒரு விளக்கை மட்டும் ஏற்றி, பத்து நிமிடம் தம் முகத்தையே கண்ணாடியில் பார்க்கச் சொன்னார். அவர்களில் 66 விழுக்காட்டினர் தம் முகம் பெரிதும் உருக்குலைந்ததாகவும், 28 விழுக்காட்டினர் முன்பின் அறியாத ஒருவரைக் கண்டதாகவும் எழுதினார்கள். கிட்டத்தட்டப் பாதிப்பேர் மனித இனம் அல்லாத விந்தை உருவத்தைப் பார்த்திருந்தார்கள். அசையாமல் ஒரே புள்ளியைப் பார்த்தால் ஓரத்தில் உள்ளவை மங்கி மறையும் என்று சுவிஸ் மருத்துவர் டிராக்ஸ்லர் 1804-இலேயே எழுதியிருக்கிறார். மங்கிய வெளிச்சத்தில் மூக்கும் வாயும் அப்படி விட்டு விட்டு மறைய, முகத்தைத் தேடும் மூளை கிடைத்த துண்டுகளை வைத்து ஏதோ ஒரு முகத்தைக் கட்டிவிடுகிறது. எண்ணெய் விளக்கின் காலத்தில் ஒவ்வோர் இரவும் இந்தச் சோதனைக்கூடம் வீட்டில் தயாராகவே இருந்தது.

கைக்குழந்தைக்குக் கண்ணாடி காட்டக் கூடாது என்பது இன்னொன்று. தீங்கு எதுவும் அறியப்படவில்லை. குழந்தை கண்ணாடியில் தன்னைப் பார்க்கவில்லை, விளையாட வந்த இன்னொரு குழந்தையைப் பார்க்கிறது. பியூலா ஆம்ஸ்டர்டாம் 1972-இல் குழந்தைகளின் மூக்கில் அவர்கள் அறியாமல் செம்பொட்டு வைத்துக் கண்ணாடியின் முன் விட்டார். ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குள் இருந்தவர்களில்தான் பலர் தம் மூக்கைத் தொட்டுப் பார்த்தார்கள். அதற்கும் சிறியவர்கள் பிம்பத்தைப் பார்த்துச் சிரித்தார்கள், கையை நீட்டினார்கள். உள்ளே இருக்கும் குழந்தையைத் தேடிக் கண்ணாடியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தவர்களும் உண்டு.